உப்புப் பார்த்த கதை

சீனக்குடா,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நிவேதிகாவுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். எங்கள் பக்கம் கேட்டால் அம்மா சுகம், வீடு சுகம், என் பிரஷர் மிகமிகச் சுகம், என் மானம் மட்டும் ஒரு கிழமையாகப் படுக்கையில் கிடக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் உன் அம்மா மூன்றாவது சொல்லிலேயே போனைப் பறித்து மிச்சத்தைத் தன் பக்கத்துக்கு முடித்துவிடுவா. குலசிங்கத்தாரின் மருமகள் மெல்பேணுக்கு வருகிறா, அவவின் பெட்டியில் வறுத்த மாவோடு இதையும் வைத்துவிடுகிறேன். மாவை முதலில் எடுத்துப் போத்தலில் போடு, கடிதம் பழுதாகாது.

தெருப் புதினம் கொஞ்சம் சொல்கிறேன். பஹ்மியின் டயர்க் கடைக்குக் காற்றடிக்கிற புது மெசின் வந்திருக்கிறது. அது போடுகிற சத்தத்தில் தன் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று பாக்கியரத்தினம் ரீச்சர் சண்டைக்குப் போனா, அவன் அவவின் சைக்கிளுக்குச் சும்மா காற்றடித்துக் கொடுத்தான், இப்போது கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றனவாம். இராகுலனின் சலூனுக்கு ஏசி பூட்டியாயிற்று, மயிர் வெட்ட வருகிறவர்களைவிடக் குளிருக்குப் பேப்பர் வாசிக்க வருகிறவர்கள்தான் கூட. அதில் நானும் ஒருவனா என்று கேட்காதே, வெட்டுவதற்கு என் தலையில் என்ன மிச்சம் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். வள்ளம் கட்டுகிற கொம்பனியின் கேற்றுக்கு முன்னால் அம்மாவும் லைலாவும் எதிரெதிர்க் கடை போட்டு மத்தியானச் சாப்பாடு விற்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒருத்தியின் கறிவேப்பிலை முடிந்தால் மற்றவளின் மரத்தில் பிடுங்குவது, வாடிக்கைக்காரனை மட்டும் விட்டுக்கொடுக்காதது, இதுதான் அவர்களின் நட்பு. இப்படி இருக்கும்போது, கொம்பனி இனி உள்ளேயே சாப்பாடு கொடுக்கப் போகிறது, கொழும்பிலிருந்து ஒரு ஆள் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வந்திருக்கிறார் என்று செய்தி வந்தது. அவருக்குக் கிடைத்தால் இரண்டு கடையையும் பூட்ட வேண்டியதுதான். உடனே எதிரிகள் ஒன்றாகிவிட்டார்கள், எங்களுக்கே தாருங்கள் என்று சேர்ந்து கேட்டார்கள். அங்கே தொழிலாளர் நலம் பார்க்கிற சிவரூபன் நல்ல பிள்ளை, சமைத்துக் கொண்டு வாருங்கோ, சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு என்று நாளும் குறித்துவிட்டான். நாள் திங்கட்கிழமை. பங்குனித் திங்கள், அம்மாவுக்கு அம்மன் விரதம். ரமழான் மாதம், லைலாவுக்கு நோன்பு. நாளை மாற்றச் சொல்லிக் கேட்க இருவருக்கும் பயம், கொழும்புக்காரர் முந்திவிடுவாராம்.

லைலாவின் கடைக் குசினியில் சமையல் நடந்தது. மரக்கறியும் பருப்பும் அம்மாவின் அடுப்பில், மீன் லைலாவின் அடுப்பில். எல்லாம் கொதித்து வந்த பிறகுதான் உப்புப் பார்க்க ஆளில்லை என்பது இருவருக்கும் உறைத்தது. லைலாவின் மனுசன் அபூதாஹிரும் நோன்பு. அக்கா, உங்கட மனுசன் சும்மாதானே இருக்காரு, அவரக் கூப்புடுங்க என்று லைலா சொல்ல, ஓம், அவருக்கு எந்த விரதமும் இல்லை, வாய்க்கு ஓய்வுமில்லை என்று அம்மா ஆளனுப்பினா. பிரஷருக்காக எனக்கு வீட்டில் தீபாவளியிலிருந்து உப்பில்லாச் சாப்பாடு என்பது அம்மாவுக்குத் தெரியாததா, அதைச் சமைப்பதே அவதானே. ஆனால் நான் வெளியில் களவாக ரோல்ஸும் கடலை வடையும் தின்கிறேன் என்று அவவுக்கு அசையாத நம்பிக்கை, அதனால் என் நாக்கு நல்ல நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டா.

நானும் சாரத்தை மாற்றி, சேட்டுப் போட்டு, நீதிபதி மாதிரிப் போய் நின்றேன். பருப்பில் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐயோ இது கறியோ கடலோ என்று கத்தினேன். இரண்டு பேரும் பதறிப்போய்த் தேங்காய்ப்பால் விட்டார்கள், உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டார்கள். மீன் குழம்புக்கும் அதே தீர்ப்பு, அதற்கும் தண்ணீர். என் கை ஒருநாளும் இப்படிப் பிழைச்சதில்லையே என்று அம்மா முணுமுணுத்தா, விரதக் களைப்பாக்கும் என்று நான் பெரிய மனசோடு ஆறுதல் சொன்னேன். கடைசியில் எல்லாம் என் நாக்குக்கு இதமாக வந்த பிறகுதான் இறக்க விட்டேன்.

சிந்துஜனின் ஓட்டோவில் சட்டிகளோடு நாங்கள் மூவரும் போனோம். சிவரூபனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்து சாப்பிட்டார்கள், ஒரு சத்தமில்லை. ருசியில் மயங்கிவிட்டார்கள் என்று நான் அம்மாவைப் பார்த்துப் புருவம் தூக்கினேன். அப்போது ஒருவர் மெல்ல, உப்புக் கொஞ்சம் கிடைக்குமோ என்றார். உப்புக் கிண்ணம் மேசையைச் சுற்றி ஒரு வட்டம் போனது, பிறகு இன்னொரு வட்டம். லைலா சும்மா பக்கத்துக்கு வைத்த தேசிக்காய் ஊறுகாயைப் போத்தலின் அடி தெரியும்வரை வழித்து எடுத்தார்கள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கடையில் இறங்கியதும் ஏச்சுத் தொடங்கியது. உங்கட நாக்கை நம்பி என்ர கையை நம்பாமல் விட்டேனே என்று அம்மா குரல் உயர்த்தினா, கொழும்பானுக்குச் சாவியைக் கொண்டுபோய்க் குடுத்தது போலாச்சே என்றா. பிறகு, நீங்கள் வெளியில திண்டிருந்தால் இப்பிடி வந்திருக்காதே என்று பாதியில் நிறுத்தினா. நிறுத்தி என்னையே பார்த்தா. அப்ப இவ்வளவு நாளும் உண்மையாவே திண்ணேல்லையோ என்று கேட்டா. இல்லை என்றேன். ஏனாம் என்றா. எங்கட பிள்ளை போன் கமராவில அழுதுகொண்டு உப்பைத் தொடாதேங்கோ எண்டு கேட்டது, ஓம் எண்டு சொல்லிப்போட்டன் என்றேன். அதைக் கேட்டதும் அவ சட்டியைக் கழுவப் போய்விட்டா. லைலாதான் கதவில் சாய்ந்து சிரித்தா. நாம ரெண்டு பேருக்கும் நோன்பு பொழுதுபடுற வரைக்கும்தான் அக்கா, இந்த அண்ணன் மாசக்கணக்கா ஒருத்தருக்கும் தெரியாம நோன்பு புடிச்சிருக்காரு என்றா.

பிள்ளை, என் வாழ்க்கையில் ஒருதடவை சொல்வழி கேட்டேன், அதற்கு இந்தத் தண்டனை. ஆனால் பயப்படாதே. நேற்றுச் சிவரூபன் வந்தான். அரிசியும் மீனும் புதுசாக இருந்ததாம், அந்த ஊறுகாயை இன்னும் கதைக்கிறார்களாம், கொழும்புக்காரரின் சாப்பாடு மூடி திறக்கும்போதே ஆறியிருந்ததாம். நோன்புப் பெருநாள் முடிய இவர்களே தொடங்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை, உப்புப் பார்க்கிற ஆளை மாத்த வேணும் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். கிளினிக்கிலும் பிரஷர் இறங்கியிருக்கிறது என்று டொக்டர் என் முதுகில் தட்டினார். ஆக, வேலை போனாலும் உடம்பு மிஞ்சியது.

நீ இரவு டியூட்டி முடிந்து வந்து நின்றபடியே பாண் துண்டைக் கடித்துவிட்டுப் படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், எனக்குச் சட்டம் போடுகிறவள் முதலில் கதிரையில் இருந்து சூடாகச் சாப்பிடப் பழகு. அம்மாவுக்குப் போன் எடுத்து வாழ்த்துச் சொல், லைலாவுக்கும் சொல். நேற்று மத்தியானம் அம்மா என் தட்டோரத்தில் நகத்தளவு ஊறுகாய் வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல மற்றப் பக்கம் திரும்பி நின்றா. அதை நான் தொடவில்லை. யார் கேட்டாலும், குறிப்பாக நீ கேட்டால், தொடவே இல்லை.

அம்மன் உன்னைக் கண்போல வைத்திருக்க வேண்டும். பிரஷர் மெசினுக்குப் போடுகிற பற்றரி யாரிடமாவது கொடுத்துவிட மறக்காதே.

உன் சொல்கேட்டு நடக்கிற,
அப்பா