நடுச்சாலை நிறுத்தம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்தே தூறல். துவைத்த வேட்டி இன்னும் ஈரம்.

பேருந்துக்குத் தனித் தடம், மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை, இன்று சோதனை ஓட்டம் தொடக்கம். பல வருடம் மனு எழுதிக் கேட்டவன் நான். கேட்டது சாலை ஓரத்தில். கொடுத்தது நடுவில். ஓரத்தில் கார்கள், இளநீர் வண்டி, ஆட்டோ ஸ்டாண்டு. யாரையும் கிளப்ப அதிகாரிகளுக்குத் தைரியம் இல்லை. தெருமுனை நிறுத்தத்தைப் பிடுங்கிவிட்டார்கள். இனி நடுச்சாலையில் இரும்பு மேடை. சாலையைக் கடந்து போய்ச் சேர ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

நாளை என் மனைவி ரெஜினா கொட்டிவாக்கம் போகும் நாள். அங்கே அவள் தங்கை பிலோமினா பக்கவாதத்தில் படுக்கை. அக்கா ஊட்டினால்தான் ஒழுங்காகச் சாப்பாடு.

நவம்பர் 11, செவ்வாய்

போகவில்லை.

ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றதுதான் மிச்சம். அவளுக்கு முட்டி வலி, ஓட முடியாது. ஒரு வண்டியும் நிற்கவில்லை. கண்ணெதிரே பஸ் வந்தது, போனது. மறுபடியும் வந்தது, போனது.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து காதர்: "இன்னா நைனா, அம்மாவ இன்னாத்துக்கு மழைல நிக்க வெச்சிக்கினு கீற? ஏறு, நான் வுட்டுட்டு வர்றேன்."

"வேண்டாம்ப்பா."

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் ஆட்டோல போயிடலாமே," என்றாள் ரெஜினா. பஸ் கேட்டு மனு எழுதியவன் ஆட்டோவில் போனால் தெருவே சிரிக்கும். வீட்டுக்குத் திரும்பினோம்.

பிலோமினாவால் பேச முடியாது. பார்த்துக்கொள்ளும் பெண் போனைக் காதில் வைப்பாள். "அடுத்த வாரம் வர்றேன்டி. அவ ஊட்டினா சாப்புடு." ரெஜினா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நவம்பர் 13, வியாழன்

பள்ளிக்கூட ஹாலில் பேருந்துத் தடம் பற்றிக் கருத்துக் கேட்பு. டீ ஆறிப்போயிருந்தது. திரையில் வெளிநாட்டு ஊர்ப் படம், கோட்டுக்குப் பின்னால் கார்கள் பூனை மாதிரி அடங்கி நின்றன. எழுந்தேன். எட்டாவது வரை பள்ளிக்கூடம், மற்றதெல்லாம் நானே படித்தது. "நம்ம ஊர்ல கோடு போட்டா நிக்க மாட்டான். வண்டி அடியில இடிச்சா நிப்பான். கடக்குற இடத்தையே மேடாக்குங்க, மேடை உயரத்துக்கு."

இளம் பொறியாளர், மரியாதையாகத்தான்: "சார், யோசனை நல்லாருக்கு. ஆனா மழைத் தண்ணி ரெண்டு பக்கமும் தேங்கிடுமே."

செல்போன் கடைக்காரன் பின்னாலிருந்து: "பெரிசு, அப்புறம் என் கடைக்கு நீச்சலடிச்சுதான் வரணும்!" சிரிப்பு.

சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

நவம்பர் 15, சனி

கனமழை. ஓரமெல்லாம் தண்ணீர். நடுத் தடத்தில் பஸ் பறக்கிறது, காலியாக. நன்றாகப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கொட்டிவாக்கத்திலிருந்து போன். பிலோமினா கஞ்சியைத் துப்புகிறாளாம். ரெஜினா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். என்னிடம் பேசியது "சாப்பாடு ரெடி" மட்டும்.

மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

மாத்திரை வாங்கித் திரும்பினால் வீடு பூட்டு. ஸ்டாண்டில் காதரின் ஆட்டோ இல்லை.

குடையை நீட்டிக்கொண்டு தனியாகக் கடந்தேன். பைக்கில் வந்த ஒருவன், "யோவ் பெரிசு, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" கொட்டிவாக்கம் பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடம்.

அடையாறு பாலத்துக்கு முன் நெரிசல். நடுத் தடத்தில் அது எங்கள் பஸ்ஸைத் தொடவில்லை. இடப்பக்கம் நின்ற வண்டிகளுக்குள் காதரின் ஆட்டோ. உள்ளே ரெஜினா, மடியில் சாப்பாட்டுக் கேரியர். ஜன்னல் கம்பியைத் தட்டினேன். நிமிர்ந்தாள். பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். கஞ்சியை எடுத்து ஊட்டப் பார்த்தேன். பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டாள். கண் வாசலிலேயே. ரெஜினா வந்து கை கழுவி உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள்.

திரும்பும்போது ரெஜினா ஆட்டோவில் ஏறி ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். காதரும் கிளப்பாமல் காத்திருந்தான்.

நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.