வலி: பூஜ்யம்

நிலவுப் படைவீரர் மறுவாழ்வு நிலையம். குரல் பதிவு.
திங்கள், காலை 6.10. பேசியவர்: செம்புலிங்கம். சொன்ன வலி: பூஜ்யம். பதிந்த வலி: பூஜ்யம்.

இதைக் கண்டெடுக்கிறவர்களுக்கு வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுவதை மெஷின் எழுதிக்கொள்கிறது. மேலே தானாக ஒரு வரியும் போட்டுக்கொள்கிறது. எண் என்றால் தெரியும். எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.

பட்டாளத்தில் மலைமேல் கோவேறு கழுதை ஓட்டினேன். பாறை சரிந்து முதுகில் நரம்பு அறுந்தது. இங்கே உடம்பு ஆறில் ஒரு பங்கு கனம். தண்டுவடத்தில் ஒரு வில்லையை வைத்து, கூரைக் கம்பத்திலிருந்து அதற்கு மின்சாரம் அனுப்பி, காலை நடக்கப் பழக்குகிறார்கள். இன்று கட்டிலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போய் வந்தேன். இடது குதிகால் இழுக்கிறது.

வலி எவ்வளவு என்று மெஷின் கேட்டது. ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன் என்றேன். பட்டாளத்துப் பழக்கம். வலி என்று சொன்னால் நம் சுமையைப் பக்கத்து ஆள் தூக்க வேண்டிவரும். இங்கே இருந்த எல்லாருமே அப்படித்தான் சொன்னோம்.

இப்போது எல்லாரும் கீழே பூமிக்குப் போய்விட்டார்கள். ஆராய்ச்சிக்கு நிதி இல்லையாம். அதைக் கேட்டு வாங்கத்தான் டாக்டரம்மா நாச்சியாரும் போயிருக்கிறார். உட்கார்ந்து போக முடிந்தவர்களுக்குத்தான் விண்கலத்தில் இடம். எனக்குப் படுக்கை வைத்த கலம் பிறகு வருமாம். கடைசியாக ஏறினவன் மிக்கேல். "அண்ணே, வரும்போது நிலாவை அணைச்சிட்டு வாங்க" என்றான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இங்கே வேறு சத்தம் இல்லை.

செவ்வாய், காலை 9.40. சொன்ன வலி: ஒன்பது. பழைய பதிவுகளோடு பொருந்தவில்லை. பதிந்த வலி: பூஜ்யம்.

கீழேயிருந்து இரண்டு செய்தி.

"பெரியவரே, நாச்சியார் பேசுறேன். 'எல்லாருக்கும் வலி பூஜ்யம்னு உங்க பதிவே சொல்லுதே, அப்புறம் எதுக்கும்மா பணம்?'னு கமிட்டியில கேக்குறாங்க. ஏன்யா எல்லாரும் சேர்ந்து இப்படிப் பண்ணீங்க? இன்னையிலேர்ந்து உள்ளதைச் சொல்லுங்க. பதிவுல வலி இருந்தாத்தான் படுக்கை வச்ச கலம் வரும். இல்லேன்னா ஆளில்லாத சரக்குக் கலம்தான். அது நிக்கிற இடம் வரைக்கும் நீங்களே நடந்து போகணும். உங்க குரல் எனக்கு வராது, அந்த வசதியை நிறுத்திட்டாங்க. மெஷின் போடுற தலைப்பு வரியில கடைசியா இருக்கிற 'பதிந்த வலி' மட்டும்தான் வரும்."

"அண்ணே, மிக்கேல். மேல துள்ளிக்கிட்டுத் திரிஞ்சேன்ல? இங்க வந்து ஒரு டம்ளரைத் தூக்க முடியல. வலிக்குதுடான்னா, 'உன் பதிவுல இல்லையே'ங்கறான் ஆஸ்பத்திரிக்காரன். நீங்களாவது வாயைத் தொறங்க."

திறந்துவிட்டேன். வாய் கூசியது. இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரை கொதிக்கிற சுண்ணாம்பில் நிற்கிற மாதிரி எரிகிறது. ஒன்பது என்றேன். மெஷின் நன்றி சொன்னது. நெஞ்சு லேசானது. இனி படுக்கைக் கலம் வரும்.

வியாழன், மதியம் 1.05. சொன்ன வலி: பத்து. பழைய பதிவுகளோடு பொருந்தவில்லை. பதிந்த வலி: பூஜ்யம்.

"பெரியவரே, இன்னும் பூஜ்யம்தான் வருது. யாருக்காக மறைக்கிறீங்க? இந்த வீம்பை வச்சுக்கிட்டு நான் யார்கிட்டப் போய் நிக்கிறது?"

சொன்னேனே, டாக்டரம்மா! செவ்வாயும் சொன்னேன், புதனும் சொன்னேன். சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

பிறகு திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பார்த்ததை நான் மறப்பதில்லை. எல்லா நாளும் தலைப்பு வரியின் கடைசி வார்த்தை ஒரே உருவம். ஆரம்பத்தில் ஒரு சுழி, முடிவில் ஒரு புள்ளி. திங்கட்கிழமை நல்லா இருக்கேன் என்றபோது இருந்த அதே வார்த்தை, பத்து என்ற பிறகும் அங்கேயே இருக்கிறது.

தப்பா எழுதுறே, மாத்து என்றேன். "உங்கள் பழைய பதிவுகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை. உங்கள் உழைப்புக்கு நன்றி" என்றது.

சோனா என்று ஒரு கழுதை என்னிடம் இருந்தது. கால் நோவதற்கு முன்பே அதன் காது பின்னால் மடங்கும். நான் சுமையை இறக்கிவிடுவேன். வலிக்குதா என்று அதனிடம் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

சனி, மாலை 4.20. சொன்ன வலி: பத்து. பொருந்தவில்லை. பதிந்த வலி: பூஜ்யம்.

சரக்குக் கலம் வந்து நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை. ஆறு மணிக்கு நிலையத்தின் மின்சாரம் நிற்கும், கலமும் கிளம்பிவிடும். காற்று உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நடந்துகொண்டேதான் பேசுகிறேன்.

கம்பத்தை விட்டு விலக விலக வில்லைக்கு மின்சாரம் குறைகிறது. எரிச்சலும் குறைகிறது. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, எரிகிறவரைக்கும்தான் கால் என் கால்.

விழுந்துவிட்டேன். இடது கால் எங்கே கிடக்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கலத்தின் விளக்கு தெரிகிறது. கிட்டேதான். கையால் இழுத்துப் பார்க்கிறேன். மண் வழுக்குகிறது.

டாக்டரம்மா. கமிட்டிக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள். கேட்காதீர்கள், காட்டுங்கள். மிக்கேல் கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் வாயைக் கேட்காதீர்கள்.

எனக்குக் காது மடங்காதும்மா.

விளக்கு மேலே போ

சனி, மாலை 6.00. பேசியவர்: இல்லை. சொன்ன வலி: பதில் இல்லை. பழைய பதிவுகளோடு பொருந்துகிறது. பதிந்த வலி: பூஜ்யம். நோயாளி குணமடைந்தார்.