முன்னறைக்குச் சூடு

நவம்பர் 7, திங்கள்

வீட்டுக்கெல்லாம் சூடு கொடுக்கும் பாய்லர் செத்துவிட்டது. வழக்கம்போல என் வீட்டுக்காரர் கோர்டன் செருப்பைக் கழற்றி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இன்னொன்று. முன்பெல்லாம் அந்த மரியாதைக்குப் பணிந்து முனகிக்கொண்டாவது எரியும். இன்று மூச்சே இல்லை. எரிவாயுக்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "இதுக்கு உதிரி பாகம் செய்யறதையே நிறுத்திட்டாங்கம்மா" என்று சொல்லி, யாரும் தொடக்கூடாது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அதன் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களை அறை அறையாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கல்லாய்க் குளிர்ந்து கிடந்தன.

இருக்கிற ஒரே மின்சார ஹீட்டரை முன்னறையில் வைத்து அதன் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். கோர்டனுக்குக் குளிர் ஆகாது. நிலக்கரிச் சுரங்கத்தில் விழுங்கிய தூசு இன்னும் நெஞ்சிலேயே இருக்கிறது. இந்தத் தெருவில் அவர் வயது ஆண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இருமலை வைத்தே வாசலில் நிற்பது யார் என்று சொல்லிவிடலாம்.

நவம்பர் 10

குல்லாய் போட்டுக்கொண்டு தூங்கினார். வங்கியில் கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கீங்க என்றேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

சேப்பலில் ஜெபம் முடிந்து நாத்தனார் பெரில் வந்தாள். கோர்டனுக்கு அக்கா, இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"கவுன்சில்ல மானியம் குடுக்கறாங்களாம். நெஞ்சு நோய்க்காரங்க இருந்தா பழைய பாய்லரத் தூக்கிட்டுப் புதுசு வெச்சுத் தராங்க. போன் பண்ணு."

"நாங்க இன்னும் கையேந்தற நெலமைக்கு வரல" என்றேன்.

"சரி. 'குளிர்ல வெறச்சாலும் கெத்தா வெறச்சவ'ன்னு உன் கல்லறையில எழுதி வெக்கறேன்."

கோர்டன் இருமி முடித்து, மெதுவாகச் சொன்னார்: "ஏ நோரீன், ஊரு நாடெல்லாம் சூடா இருக்கட்டும்னு நெலக்கரி வெட்டிக் குடுத்தவன் நான். ஒரே ஒரு பொட்டி திருப்பிக் குடுத்தா வாங்கிக்கலாம், தப்பில்ல."

பெரிலிடம் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 15

கவுன்சிலுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் நல்ல பெண். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டாள். "கொறை ஒண்ணும் இல்ல கண்ணு, சமாளிச்சுக்கறோம்" என்றேன். வேறு என்ன சொல்வது? வடக்கே எங்கள் டர்ஹாம் பக்கத்தில் கால் ஒடிந்து கிடந்தாலும் அதுதான் பதில். ராத்திரி தூக்கம் வருகிறதா என்றாள். வருகிறது என்றேன். கணவர் எப்படி என்றாள். "இருமல் பழசுதான்" என்றேன். வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 22

ஆம்புலன்ஸ். மார்புச் சளி நிமோனியாவாகிவிட்டது. உதடு நீலம். படியில் இறக்கும்போது கதவைச் சாத்து, சூடு போகுது என்று சைகை காட்டினார். எந்தச் சூடு?

நவம்பர் 25, வெள்ளி

கொஞ்சம் தேறியிருக்கிறார். வார்டு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சூடு இருக்கிறதா என்று கேட்டாள். பாய்லர் கதையைச் சொன்னேன்.

"அப்ப அனுப்ப முடியாதும்மா. அந்த வீட்டுக்குப் போனா அடுத்த வாரமே திரும்பி வந்துடுவாரு. சூடு வந்ததும் சொல்லுங்க, அன்னைக்கே அனுப்பறோம்."

கோர்டனிடம் சொன்னேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார். "இங்க சாகறதுக்கு எனக்கு இஷ்டமில்ல, நோரீன். முன்னறையில படுக்கையப் போடு. ஜன்னல் பக்கமா. நம்ம தெருவப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் போதும்." நாற்பத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

பாய்லர் வந்தால் அவர் வருவார். எனக்கு இப்போது அது ஒன்றுதான் கணக்கு.

நவம்பர் 29

நாளைக்குப் பார்வையிட ஆள் வருகிறார். வீட்டை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தேன். படுக்கையறை மூலையில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்திருந்ததை பிளீச் போட்டுத் துடைத்தேன். போகாத இடத்தில் அலமாரியை நகர்த்தி வைத்தேன். பெரில் சேப்பல் வேலையாகப் போயிருந்தாள். அவள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. அவளுடைய இரண்டு ஹீட்டர்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதிர்வீட்டில் ஒன்று வாங்கினேன். வருகிறவரைப் பல் கிட்டிக்க உட்கார வைப்பதா? இஞ்சிக் கேக் அடுப்பில் இருக்கிறது.

நவம்பர் 30, புதன்

திரு. ஹாஸ்வெல். தங்கமான மனிதர். விடியற்காலையிலேயே எல்லா ஹீட்டரையும் போட்டுவிட்டதால் வீடு ரொட்டிக்கடை மாதிரி இருந்தது. "கதகதன்னு வெச்சிருக்கீங்களே" என்றார். எனக்குப் பெருமை. கல்யாணச் சீராக வந்த கோப்பையில் தேநீர் கொடுத்தேன். கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். ஈரம், பூஞ்சை உண்டா என்று கேட்டார். எங்க வீட்டிலா, இல்லவே இல்லை என்றேன். கையடக்கக் கணினியில் தட்டிக்கொண்டே போனார். போகும்போது கை குலுக்கினார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோர்டனிடம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவன சூடா உக்கார வெச்சா அனுப்பின?"

"பின்ன?"

கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன்.

டிசம்பர் 9, வெள்ளி

கடிதம் வந்தது. எங்களுக்குத் தகுதி இருக்கிறதாம். ஆனால் அவசரம் இல்லையாம். வீட்டில் போதுமான மாற்றுச் சூடு இருக்கிறது, ஈரமில்லை, குடியிருப்பவர் சமாளிப்பதாகச் சொல்கிறார். ஆகவே சாதாரண வரிசை. வசந்தத்துக்குப் பிறகு.

வசந்தத்துக்குப் பிறகு!

என்ன பண்ணிட்டேன் நான்? வீடு குளுருதுன்னு பாக்க வந்த ஆளுக்கு, வீடு குளுரலன்னு காட்டி அனுப்பியிருக்கேன். வெக்கங்கெட்ட கேக்கு வேற. நாலு ஹீட்டர வரிசையா வெச்சு — ஏன், ஒருத்தர் வந்தா வீடு நல்லா இருக்கணும், அவ்வளவுதான் தெரியும் எனக்கு. அதத்தானே சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க.

டிசம்பர் 10

பெரில் கடிதத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், குரல் இறங்கும்.

"என் ஹீட்டர எடுத்துட்டு வந்து, என் தம்பிய ஆஸ்பத்திரியிலயே நிறுத்தி வெச்சுட்ட."

ஹீட்டர்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு போனது. நான் எழுந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

டிசம்பர் 14

மறுபடி போன். காத்திருக்கச் சொல்லிச் சங்கீதம், சங்கீதம், அப்புறம் அதே பெண். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ கண்ணு" என்று ஆரம்பித்துவிட்டேன். என் வாயை என்ன செய்ய! எப்படி இருக்கீங்க என்றாள். 'சமா' என்று நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"முடியல" என்றேன்.

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. கோட்டோடு தூங்குவது, பூஞ்சை, அலமாரி, ஹீட்டர்கள், கோர்டன் வீட்டுக்கு வர முடியாமல் கிடப்பது. அவள் கேட்டாள்: "ஏம்மா மொதல்லயே சொல்லல?"

அதை எப்படி அவளுக்கு விளக்குவது? அவள் தெற்கத்திப் பெண்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு வேறு ஆளை அனுப்புகிறார்களாம்.

டிசம்பர் 25

வார்டில் கோர்டன் தலையில், கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லோரும் போடும் ஊதாக் காகிதக் கிரீடம். ஆக்ஸிஜன் குழாயும் கிரீடமும். "ராஜா வாழ்க" என்றேன். "அரண்மனையில அடுப்பு எரியலயாமே" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் அழுகையில் போய் முடிந்தது. வார்டில் சூடு தாங்காமல் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள்.

பெரிலும் வந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை. ஆனால் தன் கையுறையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 5, வியாழன்

இந்தத் தடவை ஒரு பெண், அலிசன். ஹீட்டர் எதையும் போடவில்லை. அலமாரியை இழுத்துவிட்டேன், பூஞ்சை இன்னும் பெரிதாகியிருந்தது, பார்க்கவே கூசியது. கோட்டும் குல்லாயுமாகக் கதவைத் திறந்தேன். அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று செய்தேன். அவளுக்குத் தேநீர் கொடுக்கவில்லை. வீடு தேடி வந்த ஒருத்தியை ஒரு வாய் தேநீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்காமல் உட்கார வைத்தது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. கெட்டிலைக் கண்டால் இளகிவிடுவேன் என்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அலிசன் பூஞ்சையைப் படம் எடுத்தாள். வெப்பமானியைச் சுவரில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஆஸ்பத்திரியில. வீடு சூடானாத்தான் வீட்டுக்கு விடுவாங்க."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அங்கேயே யாருக்கோ போன் செய்தாள். இருபத்து நாலாம் தேதி பாய்லர் வைக்க ஆட்கள் வருவார்கள்.

வாசலில் போய்க்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "இன்னொரு நாள் வா கண்ணு, கேக் சுட்டுத் தரேன்" என்றேன்.

ஜனவரி 12

தேதியைச் சொன்னதிலிருந்து கோர்டனுக்கு முகமே வேறு. தலைமாடு எந்தப் பக்கம், தொலைக்காட்சியை எங்கே நகர்த்துவது — வார்டில் எல்லோருக்கும் எங்கள் முன்னறை மனப்பாடம். "நான் வந்ததும் அந்தக் கண்றாவி ஜன்னல் திரைய மாத்தணும்" என்றார். திரை நல்லாத்தான் இருக்கு என்று சண்டை போட்டேன். எத்தனை நாளாயிற்று சண்டை போட்டு!

கட்டிலை மேலேயிருந்து இறக்கியாகிவிட்டது. பெரிலும் நானும் எதிர்வீட்டு மாப்பிள்ளையும். படி முழுக்கப் பெரில் எங்களை அதட்டிக்கொண்டே வந்தாள். அப்படியாவது பேசினாளே.

ஜனவரி 17

மூச்சு மறுபடி சரியில்லை. டாக்டர் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

ஜனவரி 19

கோர்டன் போய்விட்டார். காலையில். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.

ஜனவரி 21, சனி

வீட்டில் இருந்திருந்தாலும் இவ்வளவுதான் என்கிறார் டாக்டர். நெஞ்சு முழுக்கத் தேய்ந்துபோயிருந்ததாம். இருக்கட்டும். ஆனால் வீட்டிலிருந்து போயிருப்பார். அந்தக் கேக்கைச் சுடாமல் இருந்திருந்தால் கிறிஸ்துமஸுக்கே வந்திருப்பார். யாரும் இதை எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

பெரில் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்குச் சொன்னத மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒரே கம்பளியை இருவர் மடியிலும் போட்டுக்கொண்டோம்.

ஜனவரி 24, செவ்வாய்

பாய்லர் வைக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். தள்ளிப் போடலாம் என்று பெரில் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவர் கேட்டு வாங்கியது. விஷயம் தெரிந்ததும் ஆட்கள் ரேடியோவை அணைத்துவிட்டு, மெதுவாகப் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். கேக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் குழாய்களில் கடகடவென்று தண்ணீர் ஓடியது. தொட்டேன். சூடு. மாடியிலும் சூடு. பெரில் எங்கள் வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டி எத்தனை நாளாயிற்று! ஆட்களில் பெரியவர் ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியிலும் இருக்கும் குமிழைக் காட்டி, "எந்த ரூமுக்கு வேணுமோ அந்த ரூமுக்கு மட்டும் வெச்சுக்கலாம்மா" என்றார். நன்றி சொன்னேன். முன்னறைக்குப் போய் அந்தக் காலிக் கட்டிலில் படுத்து, வாய்விட்டு அழுதேன்.

ஜனவரி 27

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் திரு. ராபின்ஸன் வந்தார். அடக்கம் பிப்ரவரி ஒன்றாம் தேதி; அதுவரை உடல் அவர்களுடைய குளிரறையில். "முந்தின நாள் வீட்டுக்குக் கொண்டாரணுமா, இல்ல நேரா சேப்பலுக்கா? இப்பல்லாம் பாதிப்பேர் நேரா..."

"வீட்டுக்கு" என்றேன்.

ஜனவரி 31, செவ்வாய்

கோர்டன் வந்துவிட்டார். முன்னறையில், ஜன்னல் பக்கமாக, தலைமாடு அவர் சொன்ன பக்கம். கட்டிலை ஒதுக்கி அந்த இடத்தில் பெட்டியை வைத்தார்கள். தன்னுடைய நல்ல கோட்-சூட் போட்டிருக்கிறார். முகம் அமைதியாக இருக்கிறது, உதட்டில் நீலம் இல்லை.

திரு. ராபின்ஸன் உள்ளே வந்ததுமே நின்றார். ரேடியேட்டர் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். சங்கடத்தோடு என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உடம்பு இருக்கற ரூம்ல சூடு ஆகாது. நாளைக்கு எடுக்கற வரைக்கும் அணைச்சு வெச்சுடுங்க. ஜன்னலயும் கொஞ்சம் தெறந்துவிடுங்க."

நானே குனிந்து குமிழைத் திருப்பினேன். ரேடியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

தெரு முழுக்க வந்து போகிறது. அடுக்களையில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். "வீடு எவ்வளவு கதகதன்னு இருக்கு" என்று யாரோ சொன்னது கேட்டது. பெரில் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். "அந்தப் பக்கம் வாடி, கை வெறச்சுப் போச்சு பாரு." வரமாட்டேன் என்றேன். கம்பளியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

நாளை பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு இந்த அறைக்கும் சூடு வைக்கலாம்.