ஒழுகியது மாப்பிள்ளை போட்ட கூரை அல்ல

தைவானில் ஒழுகாத கூரைக்கடியில் தூங்கும் மகன் தியெனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் அதை நான் விசாரிக்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் புகுந்து என் வாயை அடைப்பாய். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

குடித்தனமும் வியாபாரமுமாக நாம் வாழ்ந்த படகில் நான் இப்போது இல்லை, வின்லாங்கில் மாப்பிள்ளை சாங்குடைய அண்ணனின் செங்கல் சூளையில் இருக்கிறேன். நிறைமாத வயிற்றோடு உன் தங்கை முயியும் இங்கேதான் கிடக்கிறாள், அவள் இங்கே வந்து கிடக்க யார் காரணம் என்று உனக்குத் தெரியும். மழை பிடித்ததும் படகின் பின்பக்கம், சரியாக அவள் தலைவைக்கிற இடத்தில், சொட்ட ஆரம்பித்தது. பாய் நனைந்தது, பக்கத்தில் அடுக்கியிருந்த வள்ளிக்கிழங்கு மூட்டைகள் அழுகி நாறின. நீ படகைக் கண்ணால் பார்க்காமலே அங்கிருந்து உன் அப்பா காதில் ஓதினாய், "கூரைப் பலகை மாத்தினது சாங்தானே? அவன் வேலை அந்த லட்சணத்துலதான் இருக்கும்பா" என்று. அவருக்கு அது போதாதா? மிதக்கும் சந்தையில் அத்தனை படகுக்காரர்கள் காதுபட, "செங்கல் அறுக்கிறவனக் கூரை மேல ஏத்துனேன் பாரு, என்னைச் சொல்லணும். எம் மகன் இருந்திருந்தா ஒரு சொட்டு இறங்குமா?" என்று கத்தினார். சாங் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான், மறுநாள் காலையில் முயியைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் ஒழுகல் நின்றதா? உன் அப்பா சொட்டுகிற இடத்திலேயே உள்ளேயிருந்து ஓட்டை அடைக்கிற குங்கிலியப் பிசினை அப்பிக்கொண்டிருந்தார், தண்ணீர் ஒரு சாண் தள்ளிச் சொட்டியது. எனக்கு வெறுத்துப்போனது. வெயில் அடித்த ஒரு நாள் உள்பக்கம் கட்டியிருந்த பாயையெல்லாம் அவிழ்த்துப் போட்டு, கட்டைகளைத் துடைத்துக் காயவிட்டு, அடுப்புச் சாம்பலைத் தடவி வைத்தேன், ஈரம் வந்தால் தடம் தெரியும் என்று. உன் அப்பாவைக் கூரைமேல் ஏற்றி, மொத்தமாகக் கொட்டாமல் கீழ் ஓரத்திலிருந்து ஒவ்வொரு பலகையாகத் தகர டப்பாவால் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நான் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாங் அடைத்த மூட்டு ஒன்றில்கூட ஈரம் கசியவில்லை, கேட்டுக்கொள். கடைசியில் அவர் முன்பக்கத்துக்குப் போய் ஊற்றினார், புத்தாண்டுக்கு வந்தபோது நீ பாட்டுப் பாட ஒலிபெருக்கிக்கென்று நட்டாயே ஓர் இரும்புக் கம்பம், அதன் அடியில். சாம்பலில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பாரம் ஏற்றினால் நம் படகு பின்பக்கம் தாழும் இல்லையா, அந்தக் கோடு முகட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வந்து முயியின் தலையணைக்கு மேலே நின்று சொட்டியது.

கம்பத்தைக் கழற்றினோம். ஆணிக்கடியில் குங்கிலியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. கம்பத்தின் அடித்தகட்டுக்குக் கீழே, இடம் தவறி நீ போட்ட இன்னோர் ஓட்டை இருந்தது. அதில் நீ மென்று துப்பிய சூயிங் கம்மை அடைத்து மேலே பெயிண்டும் பூசியிருந்தாய். உனக்குத் தெரியும், தியென். தெரிந்தே பழியைச் சாங் தலையில் போட்டாய்.

உன் அப்பா காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "இத அவன்கிட்டச் சொல்லாத, தூர தேசத்துல கெடக்கான், மனசு ஒடைஞ்சிடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பத்தை ஆற்றில் எறிந்தேன். "பக்கத்துல இருக்கிறவனுக்கு மட்டும் மனசு கல்லா?" என்று கேட்டுவிட்டு என் துணியை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். உன் அப்பா அந்த ஓட்டைகளுக்கு ஆப்பு அடித்து அடைத்துவிட்டாராம். இப்போது உள்ளே ஒரு சொட்டு இல்லையாம், பின்பக்கம் காய்ந்த பாய் விரித்தபடியே இருக்கிறதாம், படுக்கத்தான் ஆள் இல்லை.

நேற்று நல்ல மழையில் அவர் இங்கே வந்தார். குடைகூட இல்லை. சூளை வாசலில் நின்றுகொண்டு, "கூரை நல்லாத்தான் போட்டிருக்க மாப்ள" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். சாங் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, "தலையத் துவட்டுங்க மாமா, அத்தை மீன் கொழம்பு வச்சிருக்காங்க" என்றான். சாப்பிட்டார்கள். ஆனால் படகுக்கு வா என்று அவர் கூப்பிட்டதற்கு, "தியென் மச்சான் என்கிட்டப் பேசட்டும் மாமா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டான். நான் அவன் பக்கம்தான்.

மழைக்காலம் முடிய நாள் இருக்கிறது, முயியின் பிரசவத்துக்கு நாள் இல்லை. போன் பண்ணினால் சாங்கைக் கேள். நான் எடுத்தால் வைத்துவிடுவேன், உன் அப்பாவிடம் அழுது காரியம் சாதிக்கப் பார்க்காதே. நீ பேசாவிட்டாலும் பிள்ளை பிறக்கும், உனக்குச் சேதி மட்டும் வராது. நம் முன்னோர்கள் உன்னைக் காப்பாற்றட்டும். ஊதுவத்தி ஏற்றும்போது உனக்காக வேண்டுகிற வேலையை உன் அப்பாவிடம் விட்டிருக்கிறேன், எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஹுவே