வேலை நாய் உள்ளே வந்த திங்கட்கிழமை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படியே இருக்கட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் நலம்தான், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் காலையில் வந்து உட்கார்ந்துகொண்டு பத்து மணிக்குத்தான் எழுந்து போகிறது, தையல் மிஷின் ரிப்பேர் என்று யாராவது கதவைத் தட்டினால் அதற்கு முன்னாலேயே போய்விடுகிறது, அது என்ன வலியோ. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவரே பிரித்துப்போட்டார், இப்போது சொட்டவில்லை, ஒழுகுகிறது. போன வாரம் நீ போனில் என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை, போனில் சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், மீதியில் நான் அழுவேன், அதனால் எழுதிவிடலாம் என்று வைத்திருந்தேன்.

மிருகக்காட்சி சாலை வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் எனக்கு இது பத்தொன்பதாவது வருஷம். வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்பது எங்கள் பலகையில் முதல் வரி, அதைத் தாண்டுவதற்கு ஜனங்கள் போடுகிற வேஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தி குழந்தை வண்டியில் பூனைக்குக் குல்லா மாட்டிப் போர்த்திக்கொண்டு வந்தாள், குழந்தை தூங்குது சத்தம் போடாதீங்க என்று என்னையே அதட்டினாள், குழந்தை மியாவ் என்றது. ஒரு பெரியவர் சட்டைக்குள் கிளியை வைத்துக்கொண்டு டிக்கெட்டை நீட்டினார், அவருக்கு முன்னால் கிளி எனக்கு வணக்கம் சொன்னது. டிபன் டப்பாவில் ஆமையைக் கொண்டுவந்தவரைக் கேட்டால், அதோட சொந்தக்காரங்கள ஒரு தடவை காட்டிட்டுப் போயிடறேன் என்கிறார். எல்லாரையும் சிரித்த முகமாகவே திருப்பி அனுப்புவேன். நாய் என்றால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, உனக்குத் தெரியாததா, ஏழு வயதில் கணுக்காலில் வாங்கிய கடிக்கு இன்றைக்கும் நாயைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் நின்றது. ஒருவர் எட்டு வயசுப் பெண் குழந்தையோடும் பெரிய கறுப்பு நாயோடும் வந்து நின்றார். நாயின் முதுகில் ஒரு பட்டை, அதில் கெட்டியான கைப்பிடி, அதை அவர் பிடித்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தேன். நாய்க்கு அனுமதி இல்ல சார் என்றேன். எனக்குக் கண்ணு தெரியாதும்மா, இது வழிகாட்டற நாய் என்று ஒரு அட்டையை நீட்டினார். அட்டையை வாங்கினேன், படித்தேன் என்று சொல்ல முடியாது, கண் நாயை விட்டு நகரவில்லை, பின்னாலிருந்து ஜனங்கள் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார்கள். டிக்கெட் கூண்டு ஓரமா கட்டிப்போட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. செருப்ப விட்டுட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி சொல்றீங்களேம்மா என்றார், அவ்வளவுதான். குழந்தைதான் என்னை நிமிர்ந்து பார்த்து, எங்கப்பாவுக்கு நான் ஒண்ணொண்ணா சொல்லிக் காட்டறதா இருந்தேன் என்றது. நாய் அவரைத் திருப்பிக்கொண்டு, வரிசையில் ஒருவர் காலையும் மிதிக்காமல், சாலை ஓரம் வரை கூட்டிப்போய் நின்றது. அன்று முழுக்க நான் கிழித்த டிக்கெட்டெல்லாம் கோணல்.

பத்து நாள் கழித்து டைரக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார், மேஜை மேல் டைப் அடித்த கடிதம். மெமோதான் என்று நினைத்துக்கொண்டேன். நாயோடு வந்த அந்த மனுஷர் எழுதிய கடிதம், அவர் வரி அலுவலகத்தில் போனில் பதில் சொல்கிற வேலையில் இருப்பவராம், நாள் முழுக்க ஊரார் கோபத்தைக் காதில் வாங்குகிறவர். கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வாசலில் இருந்த அம்மாவின் குரல் நடுங்கியது, அவருக்கு நாய் என்றால் பயம்போல, என் நாய் கடிக்காது என்று அவரிடம் சொல்லிவிடவும், மற்றபடி கடைக்கும் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற இந்த நாய் இங்கே மட்டும் ஏன் வரக் கூடாது என்று காரணத்தோடு தெரிவிக்கவும், இதுதான் எழுதியிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் பாப்பா. டைரக்டரம்மா கால்நடை டாக்டர், அவர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, காரணம் என்னன்னு எனக்கே தெரியலியே, எந்த மிருகத்துக்கு நாய் ஆகும், எதுக்கு ஆகாதுன்னு இங்க யாராவது பாத்திருக்கோமா என்று என்னையே கேட்டார். நான் என்ன கண்டேன். அப்ப பாத்துடுவோம் என்றார். திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை, அன்றைக்கு அவரையும் நாயையும் வரவழைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது, ஒவ்வொரு கூண்டிலும் காவலர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று மிருகம் என்ன செய்கிறது என்று குறிப்பது, நாய் குரைத்தாலோ இழுத்தாலோ அங்கேயே முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கூட நடக்க யார் என்று வந்தபோது, வாசல்ல நிறுத்தினது நீங்க, உள்ள கூட்டிட்டுப் போறதும் நீங்களே என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா சிரிக்கிறார். பக்கத்து வீட்டு நாய்க்குட்டியை வாங்கிவந்து மூன்று நாள் மொட்டை மாடியில் என்னைப் பழக்கினார், குட்டிக்கு என்னைவிட பயம், மூன்றாம் நாள் அது அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

திங்கட்கிழமை வந்தது. நாயின் பேர் என்ன என்று மரியாதைக்குக் கேட்டேன். சொல்ல மாட்டேம்மா, பேரு தெரிஞ்சா ஆளாளுக்குக் கூப்பிடுவாங்க, அதுக்குக் கவனம் சிதறிடும் என்றார். தொடக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது, அதைப் பார்த்துப் பேசவும் கூடாதாம். எனக்கு நிம்மதிதான். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நாய் என்று நடந்தோம். முதலில் மான்கள். முப்பது கழுத்தும் ஒரே வெட்டில் திரும்பின, அப்படியே மூலைக்குப் போய் ஒண்டின, காவலர் கடிகாரத்தைப் பார்த்தார், நாலு நிமிஷத்தில் ஒன்று வந்து புல்லைக் கடித்தது, அதைப் பார்த்து மற்றதெல்லாம் வந்தன. என்ன ஆச்சு என்று பக்கத்தில் நின்றவர் கேட்க, ஒண்ணுமில்ல சார், மான் அழகா நிக்குது என்றேன். அழகான்னா எப்படி என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் வாசலில் நின்றவள், உள்ளே போகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன், மானை எங்கே பார்த்தேன். காது எந்தப் பக்கம் இருக்கு, ரெண்டும் ஒண்ணாத் திரும்புதா தனித்தனியாவா என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன், தனித்தனியாகத்தான் திரும்புகிறது, ஒரு காது நாய் பக்கம், ஒரு காது எங்கள் பக்கம்.

அப்புறம் அவர் கேட்க நான் பார்க்க என்றே போனது. ஒட்டகச்சிவிங்கி அவ்வளவு உயரத்திலிருந்து தலையைத் தாழ்த்தி நாயைப் பார்த்தது, நாய் ஒரே ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு எதற்கு என்பது மாதிரி உட்கார்ந்தது. நாக்கு என்ன நிறம் என்றார், கருநீலம் என்றேன், கத்தரிக்காய் மாதிரியா என்றார், ஆமாம், கறுத்த கத்தரிக்காய். வரிக்குதிரைக்கு வயித்துலயும் வரி இருக்கா என்று கேட்டார், நான் யூனிபார்மோடு தரையில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன், வரி பக்கவாட்டில் இறங்கி மெலிந்து மெலிந்து நின்றுவிடுகிறது, வயிறு வெள்ளை. காவலருக்கே அது தெரிந்திருக்கவில்லை, அவரும் குனிந்தார். சிங்கம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது, அதோடு சரி. குரங்குகள்தான் ஊரைக் கூட்டின, ஒன்று உச்சியில் ஏறி நின்று கத்த, மற்றதெல்லாம் கம்பியைப் பிடித்து உலுக்க, எனக்குக் காது அடைத்துப்போனது. நாய் நின்றது நின்றபடி நின்றது. என்னை அறியாமல் என் கண் அதன் மேலேயே இருந்தது பாப்பா. அதன் மூக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது, அத்தனை வாசனை வந்து மோதுகிறது, போய்ப் பார்க்க வேண்டும் என்று அதற்கு இருக்காதா, அதை எங்கே அடக்கி வைக்கிறது, யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஓநாய்கள் பக்கம் திரும்பும் இடத்தில் நாய் நின்றுவிட்டது. கைப்பிடியில் அவருக்கு அது தெரிந்தது, நடக்க மாட்டேங்குது, என்ன இருக்கு அங்க என்றார். மூன்று ஓநாய்கள் வேலியோரமாகச் சத்தமே இல்லாமல் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தன, முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. ஊளையிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நாய் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு லேசாக நடுங்கியது. சார், மூணு ஓநாயும் இதையே பாக்குது என்று சொன்னேன், சொன்ன குரல் முன்பக்கத்திலிருந்து வருகிறதே என்று அவர் தலையைத் திருப்பினார், நீங்க இந்தப் பக்கம் வந்துட்டீங்களா என்றார். அப்போதுதான் பார்த்தேன், வேலிக்கும் நாய்க்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாயின் மூச்சு என் கால் மேல் சூடாகப் பட்டது, கணுக்காலுக்குப் பக்கத்திலேயே. பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கத்தான் நேரமில்லை, மெதுவாகத் திரும்பலாம் சார் என்று அவர் முழங்கையைத் தொட்டேன், மூன்று பேருமாகத் திரும்பினோம்.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் ஓநாய்க் காவலர் கையை ஓங்கி மேஜையில் வைத்தார். என் ஓநாய் ரெண்டு நாளா சாப்பிடல, அதுக்கு யாரு பதில் சொல்றது, அதுங்களுக்கு இதைவிட்டா வேற போக்கிடம் இருக்கா என்று கேட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே, கூண்டில் இருப்பது எழுந்து போய்விட முடியாது. எல்லாம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். டைரக்டரம்மா எல்லாருடைய நோட்டையும் பொறுமையாகப் படித்தார். ஓநாய்ப் பாதையும், பறவைகள் தலைக்கு மேல் பறக்கிற திறந்த கூடமும் இப்படி வழிகாட்டுகிற வேலை நாய்களுக்குக் கிடையாது, மற்ற எல்லா இடத்துக்கும் வரலாம், அந்த இரண்டு இடத்திலும் நாயை ஒரு ஊழியர் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். யார் வைத்துக்கொள்வது என்று கேட்டார். ஒருவர் கூரையைப் பார்க்கிறார், ஒருவர் பேனாவைத் தட்டுகிறார். நான் வெச்சுக்கறேன் என்று ஒரு குரல் கேட்டது, என் குரல்தான். உன் அப்பாவிடம் சொன்னேன், டீயைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் குழந்தையோடு வந்தார். வாசலில் குழந்தை என்னைப் பார்த்ததும் அப்பா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, அது என்னை எப்படிப் பார்க்கும், திருப்பி அனுப்பினவள்தானே. அட்டையை வாங்கி இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் படித்தேன், மூன்று டிக்கெட் வேண்டுமா இரண்டா என்று குழந்தையைக் கேட்டேன், நாய்க்கும் வேணும் என்றது, நாய்க்கு இலவசம் என்றேன், அதற்குப் பிறகுதான் சிரித்தது. பறவைக் கூடத்துக்கு வெளியே காவல் அறையில் அவர் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார், இதைக் கழட்டிட்டா அது வேலையில இல்ல, இப்ப தொடலாம் என்றார். பட்டை கழன்றதும் அது உடம்பை ஒரு உதறு உதறியது பார், வேறு நாய் பாப்பா, வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் தண்ணீர்ப் பாட்டிலை மோந்து, மேஜைக்கடியில் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டு புரண்டது, ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றின மனுஷன் மாதிரி. நான் ஒரு விரலால் காதைத் தொட்டேன். இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று இத்தனை வருஷம் யாரும் என்னிடம் சொல்லவில்லையே. கூடத்துக்குள்ளிருந்து குழந்தையின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, அப்பா ஒண்ணு மஞ்ச, ஆனா பூரா மஞ்ச இல்ல, கழுத்துல மட்டும் யாரோ சிவப்புப் பேனாவ உதறின மாதிரி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது, உள்ளே தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது சாப்பாட்டு வேளையில் நான் உள்ளே போகிறேன், ஒரு நாளைக்கு ஒரு கூண்டு. நேற்று முள்ளம்பன்றி. அதற்குத் தூங்கும்போது முள் படுத்துக்கொள்கிறது, உனக்குத் தெரியுமா. சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வெளியூர் போன இந்த ஆறு வருஷமாக உனக்கு எழுதின கடிதத்திலெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாப்பிள்ளைக்குச் சளி போச்சா என்றுதான் கேட்டிருக்கிறேன். நீ எங்கே நின்று என்னை நினைத்துக்கொள்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. உன் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, எதிரே கதவா சுவரா, கதவென்றால் என்ன நிறம், வேலைக்குப் போகிற வழியில் முதலில் எந்தப் பக்கம் திரும்புவாய், நீ உட்காருகிற நாற்காலிக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், அவர் சிரிப்பாரா. ஒன்று விடாமல் எழுது, இங்க எல்லாம் நல்லா இருக்கும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடாதே, அதை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது.

குளிருக்கு முன்னால் கம்பளிச் சட்டையை ஒரு நாள் வெயிலில் போடு, மறந்துவிடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல், நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். அப்பா குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், அவர் ஆசீர்வாதத்தையும் ஈரக்கையோடு சேர்த்து அனுப்புகிறார்.

பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
உன் அம்மா