கரண்ட் போனால் கேட்கும் ரேடியோ

ஜூன் 9, 2025

அறுபத்திரண்டு பேருக்குக் காது போனதை மறைத்தவர் எங்கள் ஊர் சமுதாய ரேடியோவின் தலைவர் சங்கரசுப்பு அண்ணாச்சி. ஊரில் எட்டு விசைத்தறிக் கூடம் அவருடையது. ரேடியோவுக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டதாம். வரலாறு எழுதும் வேலை இப்போதைய அறிவிப்பாளரான எனக்கு. முதல் பக்கத்தில் அவர் படம்.

இன்று அப்ரீன் அக்காவிடம் போனில் பேசினேன். எங்கள் முதல் அறிவிப்பாளர். கல்யாணமாகி இப்போது கடையநல்லூரில். தறிச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. அதனால் முக்கியமான நிகழ்ச்சியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம். கரண்ட் போகும், தறி நிற்கும், நிலையத்தில் ஜெனரேட்டரைப் போடுவார்கள், வீடுகளில் பேட்டரி ரேடியோ. "அப்ப ஊரே கேக்கும், மாரி. அதான் எங்க நேரம்."

ஜூன் 10

'மக்களால் மக்களுக்காக' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

ஜூன் 12

2016இல் நடந்தது, அக்கா சொன்னபடி. தறிக்காரர்களுக்குக் காது மந்தமாவதை அக்காதான் கவனித்தார். காது கேட்காதவர்கள் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள் என்று ஒரு வாரம் ரேடியோவில் சொன்னார். ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஊரில் எல்லோருக்கும் நல்ல காது என்று இவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் நூல் சுற்றும் இசக்கித்தாய் கூப்பிட்டு, "ஏட்டி, காது கேக்காதவன் ஒன் ரேடியோவ எப்படிக் கேப்பான்? வீட்டுக்காரிய கூப்பிடச் சொல்லுட்டி" என்றிருக்கிறார்.

மறுநாளிலிருந்து மனைவிகளும் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். ஒரு நோட்டில் அறுபத்திரண்டு பெயர். பதினேழாவது ஆறுமுகச்சாமி, என் அப்பா. போன் செய்து சொன்னது நான். ஒன்பதாம் வகுப்பு. டாக்டர் வருவார் என்று அப்பாவிடமும் சொல்லி வைத்தேன். அப்போது அவருக்கு வலது காது கொஞ்சம் கேட்டது.

பட்டியல் கொடுத்தால் முகாம் போடுகிறேன் என்று காது டாக்டர் ஒருவர் ஒத்துக்கொண்டிருந்தார். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அண்ணாச்சி நோட்டை வாங்கிக்கொண்டார். டாக்டர் கைக்கு அது போகவில்லை. அடுத்த மாதம் அக்காவின் அந்த நிகழ்ச்சியும் இல்லை.

"நான் அழுத்திக் கேட்டிருக்கணும்லா" என்றார் அக்கா.

ஜூன் 14

இதையெல்லாம் எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"வரலாறு எழுதச் சொன்னா போலீஸ் ஸ்டேசன்ல புகார் எழுதுத மாதிரி எழுதியிருக்கியடே."

நோட்டு எங்கே என்றேன்.

"எங்கன கெடக்கோ. ஒங்கப்பனுக்கு நான் என்ன கொற வச்சேன்? இன்னமும் ஏங்கிட்டதான வேல பாக்கான்?"

ஆமாம். இன்னமும் அங்கேதான். அதே சத்தத்தில்.

ஜூன் 16

அப்பா இப்போது வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார். இன்று பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். சோதிக்கத்தான். திரும்பவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18

வரலாற்றுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நோட்டு விஷயம் இருக்க வேண்டிய பக்கத்தில் அண்ணாச்சி ரிப்பன் வெட்டுகிறார். கடைசிப் பக்கத்தில் 'தொகுப்பு: மாரிராஜ்'. என் பெயரை மட்டும் மறக்கவில்லை.

ஜூன் 19

சனிக்கிழமை பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் இரண்டு வரை. பேப்பரில் போட்டிருக்கிறான். முன்பு தினமும் போகும் கரண்ட். இப்போது மாதம் ஒரு நாள்தான்.

ஜூன் 21

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. ஜெனரேட்டரைப் போட்டேன். அச்சில் வராத அந்தப் பக்கத்தை ரேடியோவில் வாசித்தேன். பிறகு சொன்னேன்: "சங்கரசுப்பு அண்ணாச்சி, அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க. ரெண்டு மணி வரைக்கும் ஊர் கேக்கும். நான் இங்கனதான் இருக்கேன்."

பத்தரைக்கு ஒரு பெண் கூப்பிட்டார். "எங்க வீட்டுக்காரர் பேரையும் எழுதிக்கோங்க. அப்ப நல்லா கேட்டுச்சு, இப்ப இல்ல." எழுதக் காகிதம் இல்லை. வரலாற்றுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதினேன். ஒரு மணிக்குள் பத்தொன்பது பெயர்.

அண்ணாச்சி கூப்பிடவில்லை. அரை மணிக்கு ஒருதரம் மைக்கில் நோட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கே கரண்ட் வந்துவிட்டது. அடுத்த தெருவில் தறி ஓடத் தொடங்கியது. மைக்கை அணைக்கவில்லை.

"அண்ணாச்சி, நோட்டு எங்க?"