அகலமான ரோட்டைக் கடக்க

ஐப்பசி, வியாழன் இரவு

கவுன்சிலராக நான் கேட்டு வாங்கிய மாநில நிதியில்தான் வில்பட்டி போகும் ரோடு அகலமானது. இன்று மாலை அந்த ரோட்டோரம், லாட்ஜில் துணி துவைக்கும் மாரியம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"முந்தி வண்டியெல்லாம் மெதுவா வரும், வெரசா தாண்டிருவோம். இப்ப கால் மணி நேரமா நிக்கிறோம். ரோட்டை அகலமாக்கச் சொன்னது நீங்கதானேக்கா?"

"ஆமா" என்றேன்.

காலையில்தான் நெடுஞ்சாலைப் பொறியாளரிடம் வேகத்தடை கேட்டிருந்தேன். "எழுதிக் குடுங்க மேடம், அடுத்த நிதியில பாப்போம்" என்றார். அதை இவளிடம் சொல்வதற்குப் பதிலாக, குடையை மடக்கிவிட்டு நடுரோட்டில் போய்க் கையை நீட்டி நின்றேன். ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்தபடியே நின்றது. ஏழெட்டுப் பெண்கள் தாண்டிப் போனார்கள்.

"நாளைக்கும் வருவீங்களாக்கா?" என்றாள் மாரியம்மா. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வேகத்தடைக்கான மனுவை இப்போதுதான் எழுதி முடித்தேன். 'பொதுமக்கள் கோரிக்கையின்படி அகலப்படுத்தப்பட்ட சாலையில்' என்று தொடங்கியிருந்தேன். திரும்பப் படித்தபோது உறுத்தியது. பொதுமக்கள் என்பதை அடித்துவிட்டு, 'எனது' என்று எழுதினேன்.